அரிப்பு ஆராய்ச்சிக்குப் போன வெள்ளிக்கிழமைகள்

என் கைகளில் அரிப்பு ஆரம்பித்தபோது ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நிலக்கரித் தூசி என்றார் ஒருவர். பாத்திரம் கழுவும் சோப்பு என்றார் இன்னொருவர். விரல் இடுக்குகளில் சின்னச் சின்னக் கொப்புளங்களாக வந்தது, மெதுவாக மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஏறிவிட்டது. நான் டெய்லர். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில்தான் மெஷின் போட்டிருக்கிறேன். எங்கள் பிளாக்கில் பாதிப் பெண்களுக்கு நான்தான் பிளவுஸ் தைப்பேன். பட்டுத் துணியில் ரத்தம் ஒட்டிவிடுமோ என்று பயந்து விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தைத்தேன். என் கணவர் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவர்தான் ஒருநாள், "இந்தக் களிம்பு எல்லாம் போதும், பெரிய டாக்டர்கிட்ட போ" என்று அனுப்பிவைத்தார்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே தோல் டாக்டர் ஒரு அம்மா. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்.

"எச்.ஐ.வி. இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு உடம்பெல்லாம் அரிப்புக் கொப்புளம் வருது. ஏன் வருது, எப்படிக் குறையுதுன்னு பார்க்கறோம். அதுக்கு அந்த நோய் இல்லாம அரிப்பு மட்டும் இருக்கறவங்களும் வேணும். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

அந்தப் பெயரைக் கேட்டதுமே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். சேர்வதற்கு முன்னால் எனக்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்களாம். எனக்கு எதுவும் இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தும், முடிவு சொல்லும் வரை அந்த வராண்டாவில் என்னால் உட்கார முடியவில்லை. இல்லை என்று சொன்னபோது அழுதுவிட்டேன். டாக்டரம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"ரெண்டு வகைக்காரங்களும் ஒரே நாள்ல, ஒரே பெஞ்சுலதான் உட்காருவீங்க. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், நம்பர்தான். யார் எதுக்கு வந்திருக்காங்கன்னு பாக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. நீங்க வந்து உட்கார்றதாலதான் மத்தவங்களும் தைரியமா வர்றாங்க."

அப்படித்தான் என் வெள்ளிக்கிழமைகள் தொடங்கின. கையிலிருந்து கடுகளவு சதை எடுத்தார்கள், மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. போட்டோ எடுத்தார்கள், முகம் இல்லாமல். எவ்வளவு அரிக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறதா, வீட்டில் கொசு உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். மற்ற நேரமெல்லாம் பெஞ்சுதான்.

அந்தப் பெஞ்சில்தான் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில் வேலை. விரல் நுனிகளெல்லாம் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தன. சித்திரை வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ஜாக்கெட். அதற்குள் கையை நுழைத்து நுழைத்துச் சொறிந்தாள். முதல் நாளே டப்பாவைத் திறந்து பலாச்சுளையை என் பக்கம் நீட்டினாள்.

"சாப்டுக்கா. எங்க தோட்டத்து மரம்."

நானும் எடுத்துச் சாப்பிட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் நன்றாகப் பழகிவிட்டோம். அவள் புருஷன் லாரியில் வேலைக்குப் போனவர், இறந்து சில வருஷம் ஆகிறது. ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிறாள். இதையெல்லாம் அவளே சொன்னாள். பிறகு சாதாரணமாக, "உனக்கு எத்தினி வருசமா கீதுக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு அது இல்லம்மா. வெறும் அரிப்புதான்" என்றேன்.

அவள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் தன் டப்பாவிலிருந்து எனக்குச் சாப்பிடக் கொடுத்துவிட்டோமே என்று அவள் தவிப்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் டப்பாவை எடுக்கவே இல்லை. நானே அவள் பையைத் திறந்து டப்பாவை எடுத்து, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டேன். "கொட்டைய எடுக்காம முழுங்கிடப் போற" என்றாள். அவ்வளவுதான், மறுபடி பேச ஆரம்பித்துவிட்டோம்.

இதற்குள் டவுன்ஷிப்பில் பேச்சு கிளம்பியிருந்தது. எங்கள் எதிர்வீட்டு அக்காவின் நாத்தனார் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அந்தப் பெஞ்சில் என்னைப் பார்த்திருக்கிறார். பக்கத்துக் கதவில் எச்.ஐ.வி. ஆலோசனை என்று போர்டு இருந்தது. வேறென்ன வேண்டும்? தைக்கக் கொடுத்த துணியை ஒருத்தி, "ஊருக்குப் போறேன், வந்து குடுக்கறேன்" என்று திரும்ப வாங்கிப் போனாள். இன்னொருத்தி காரணமே சொல்லவில்லை. தினமும் காலையில் கருவேப்பிலை கேட்டு வரும் எதிர்வீட்டு அக்கா, என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். மெஷின் சும்மா கிடந்தது.

என் கணவரிடம் கேன்டீனில் யாரோ கேட்டுவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர் சாப்பிடக்கூட இல்லை.

"உன் ரிசல்ட்ட எடு. பிளாக்குல வீடு வீடாக் காட்டிட்டு வரேன்."

"காட்டினா?"

"உனக்கு இல்லன்னு தெரியும்ல?"

"எனக்கு இல்லன்னு தெரியும். அப்புறம் அந்தப் பெஞ்சுல யாருக்கு இருக்குன்னு எண்ணிப் பார்ப்பாங்க. அந்தப் பொண்ணு காடாம்புலியூர்ல இருந்து இதே பஸ்லதான் வரா."

"அதுக்காக நீ பேர் கெட்டுப்போய் உட்காரணுமா?"

எனக்கும் கோபமாகத்தான் இருந்தது. பதினைந்து வருஷமாக அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவள் நான். இந்த பிளாக்குப் பெண்களின் தோள் அகலம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த டப்பா மூடிய சத்தம் என் காதிலேயே இருந்தது. எனக்கு இல்லை என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்கே அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். அதை ஊருக்கே சொன்னால் அவள் எங்கே போய் உட்காருவாள்? "சொல்லல, விடுங்க" என்றேன். அவர் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. நான் கிளம்பும்போது சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் வந்தார். அந்தப் பெஞ்சில் எனக்கும் அவளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானம் வரை பேப்பர் படித்தார். அவர் வேலை செய்யும் இடத்துக்காரர்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் போனார்கள். இவர் தலையை ஆட்டி வணக்கம் சொன்னார்.

என் அரிப்புக்குக் காரணம் கிடைத்தது. முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள். நிக்கல் என்ற உலோகம் எனக்கு ஆகவில்லை. என் கத்திரிக்கோலின் பிடி! அதோடு குண்டூசி, கவரிங் வளையல். பிடியில் பஞ்சுத்துணி சுற்றித் தைத்தேன், வளையலைக் கழற்றிப் போட்டேன், களிம்பு தடவினேன். ஒரு மாதத்தில் கை சரியாகிவிட்டது. ஆனாலும் ஆராய்ச்சி முடியும் வரை வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

அவளுக்கு அத்தனை சீக்கிரம் சரியாகவில்லை. எச்.ஐ.வி.க்குத் தருகிற, கூட்டு மருந்து என்று சொல்லும் மாத்திரைகளைத் தொடங்கியிருந்தாள். முதலில் அரிப்பு குறையாமல் இன்னும் கூடியது. "மாத்திரையே வாணாம்னு தோணுதுக்கா" என்றாள். டாக்டரம்மா அவளை உட்காரவைத்து விளக்கினார். உடம்பில் எதிர்ப்பு சக்தி திரும்பி வரும்போது சில பேருக்குக் கொஞ்ச நாள் இப்படி ஆகும், அதற்குத் தனியாக மருந்து தருகிறேன், மாத்திரையை மட்டும் விடாதே என்றார். கொசுக்கடிக்கு அவள் உடம்பு அளவுக்கு மீறிச் சண்டை போடுகிறதோ என்று சந்தேகம் இருப்பதால், கொசுவலை கட்டிக்கொள்ளச் சொன்னார். அவள் மாத்திரையை விடவில்லை. ஐப்பசி மழையில் பஸ் பிடித்து நனைந்துகொண்டு வந்தாள். தை மாதம் பார்த்தபோது கைகளில் புதுக் கொப்புளம் எதுவும் இல்லை, பழைய தழும்புகள்தான்.

"யக்கா, ஒரு ஜாக்கெட் தச்சிக் குடு. கை குட்டையா. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல விழா, அதுக்குப் போவணும்."

அந்த வராண்டாவிலேயே டேப்பை எடுத்து அவள் கையை அளந்தேன். தழும்புகள் தெரியுமே என்றேன். "தெரியட்டுமே, ஆறிப்போனதுதானே" என்றாள்.

ஆராய்ச்சி முடிந்தது. என் மெஷினும் மெல்ல ஓடத் தொடங்கியது. தீபாவளி நெருங்கினால் நல்ல டெய்லர் வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா மட்டும் வரவே இல்லை. ஒருநாள் மத்தியானம், கையில் துணி எதுவும் இல்லாமல் வந்து நின்றார். கதவைச் சாத்தலாமா என்று கேட்டார்.

"கம்மாபுரத்துல என் தம்பி இருக்கான்ல. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா, ஒரே அரிப்பு. டெஸ்ட் எடுத்ததுல…" கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "வீட்ட விட்டு வெளிய வரமாட்டேங்கறான். உனக்கு நல்லாயிடுச்சே. அங்க போனா சரியாவுதா? தினமும் மாத்திரை சாப்பிடறியா நீ?"

நேராகக் கேட்டுவிட்டார். இதில் பொய் சொல்லக் கூடாது.

"எனக்கு அது இல்லக்கா. எனக்குக் கத்திரிக்கோல்தான் ஆகல. ஆனா அந்த மாத்திரை சாப்பிட்டு நல்லாகி வேலைக்குப் போறவங்கள எனக்குத் தெரியும்."

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரென்று நினைத்தேன். கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

அன்று சாயங்காலமே காடாம்புலியூரில் அவளுக்குப் போன் செய்தேன். இப்படி ஒருவர் வருகிறார், உன்னைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டேன். "தாராளமா சொல்லு. பேசிக்கினே போவலாம், இட்டுகினு வா" என்றாள்.

தம்பி வந்தார். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, குனிந்த தலை. காடாம்புலியூரில் அவள் ஏறினாள். நேராக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அக்காவும் நானும் பின் சீட்டில். அவள் என்ன சொன்னாளோ, கண்டக்டர் விசிலில் எதுவும் கேட்கவில்லை. பண்ருட்டி வருவதற்குள் அவர் தலையிலிருந்த துண்டு தோளுக்கு வந்திருந்தது. இறங்கும்போது அவரே வாய்விட்டு, "இந்த மாத்திர சாப்ட்டுகினு வயல்ல எறங்கி வேல செய்யலாமா?" என்று அவளிடம் கேட்டார்.

"நான் நாள் பூரா கொட்ட ஒடைக்கிறேன். நீ வேல செய்ய மாட்டியா? வேகமா நட, லேட்டாவுது" என்றாள்.