நாலாவது பதக்கம்

எங்கள் வீட்டில் மூன்று என்ற எண்ணுக்கு இடம் கிடையாது. தட்டில் மூன்று தோசை வைக்கக்கூடாது. மூன்று பேராகப் படத்துக்கு நிற்கக்கூடாது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராக வெளிக்கிடவே கூடாது. மூன்றாவது தோசை வேண்டுமென்று கேட்டால், நாலாவதில் ஒரு துண்டையாவது கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் அம்மா கையை எடுப்பார். அவர் பாமசியில் நாள் முழுக்க மருந்துக் குளிசை எண்ணிக் கொடுக்கிறவர். எண்களோடு கிடக்கிற ஆளே சொன்னால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? கிங்ஸ்பரியில் பிறந்து வளர்ந்த எனக்குப் பத்து வயதில் அது வேதவாக்கு. அந்த நம்பிக்கையோடுதான் என் அம்மப்பாவுக்கு நான் அந்த வேலையைச் செய்துவைத்தேன்.

அம்மப்பா வாலிப வயதில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குப் போனவர். அங்கே கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் சண்டை நடந்த காலத்தில் லொறி ஓட்டினார். அதற்கு முந்திய உலக யுத்தத்தில் அவர் வேலை செய்ததற்கும் சேர்த்து பிரிட்டிஷ்காரர்கள் அவருக்கு மூன்று பதக்கங்கள் கொடுத்திருந்தார்கள். அவருக்கு எண்பது வயதாகும்போது, யாரும் எதிர்பாராத நேரத்தில், மலேசிய அரசு நாலாவதாக ஒன்றை அனுப்பியது. அந்தக் காலத்தில் தங்கள் மண்ணில் சேவை செய்த எல்லோருக்கும் நன்றியாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். மஞ்சள் நிறத்தில், நாடாவோடு, சின்னப் பெட்டிக்குள் அது வந்த அன்று அம்மப்பா மத்தியானம் சாப்பிடவே இல்லை.

ஆனால் நாங்கள் இருக்கிற பிரிட்டனில் பிறநாட்டுப் பதக்கத்தை அணிய இங்குள்ள அரசின் அனுமதி வேண்டும். அதைப் பற்றிய கடிதத்தை நான்தான் அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய இரண்டு கண்ணிலும் புரை. ஒப்பரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: பதக்கத்தை வாங்கிக்கொள்ளலாம், வீட்டில் வைத்திருக்கலாம், அணியக்கூடாது.

“திருப்பி வாசி பிள்ளை,” என்றார். திருப்பி வாசித்தேன்.

“வைச்சிருக்கலாம், போடக்கூடாதோ? அப்ப என்னத்துக்கு? பெட்டியைத் திறந்து திறந்து பாக்கவோ? அதுக்கும் எனக்குக் கண் தெரியாதே!” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, கடிதத்தை மடித்துப் பதக்கப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

அவருக்கு அந்தப் பதக்கத்தின் மேல் ஏன் அவ்வளவு ஆசை என்பதை அம்மாவிடம் அவர் சொல்லும்போது கேட்டிருக்கிறேன். ஒரே ஊரிலிருந்து அவரோடு பட்டாளத்துக்குப் போன சிநேகிதர் ஒருவர் முன்னால் போன லொறியை ஓட்டினார். ஒரு றப்பர் தோட்டத்து வளைவில் அந்த லொறிக்குச் சுட்டார்கள். பின்னால் வந்த லொறியில் அம்மப்பா. “அவன் செத்ததுக்கு அந்த நாட்டுச் சனம் இப்பத்தான் ஒரு நன்றி சொல்லியிருக்கு. அவனுக்கு ஆரும் இல்லை. அவனுக்கும் சேத்து நான்தான் போட்டுக்கொண்டு நடக்கவேணும்,” என்றார். அதுவும் களவாக இல்லை, நாலு பேர் பார்க்க, முறையாக அனுமதி வாங்கி.

அந்த அனுமதிக்காகத்தான் கிழவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். அம்மப்பாவைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர்கள். சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் கூடி அமைச்சர்களுக்கும் எம்.பி.க்கும் கடிதம் எழுதுவார்கள். அம்மா பொரித்துக் கொடுக்கிற ஆட்டிறைச்சி ரோல்ஸை, உறைப்புத் தாங்காமல் மூக்கைத் துடைத்துத் துடைத்து, ஒன்று விடாமல் முடிப்பார்கள். தலைவர் ஓர் உயரமான கிழவர். எங்கள் வீட்டில் அவருக்கு ‘சார்ஜன்ட்’ என்றுதான் பெயர். அவரும் அம்மப்பாவும் நேரில் எம்.பி.யைச் சந்தித்துப் பேசுவதென்று ஒருவழியாக ஏற்பாடாகியிருந்தது. அதற்காக அம்மப்பா குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிப் பழகுவார். வெளியே நின்று நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்போம்.

சந்திப்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, யுத்தத்தில் இறந்தவர்களுக்காக நவம்பரில் நடக்கிற நினைவு நாள் அணிவகுப்பு. அன்றைக்கு யாரும் மலேசியப் பதக்கத்தை அணிவதில்லை என்று சங்கத்தில் எல்லோரும் சத்தியம் பண்ணியிருந்தார்கள். சட்டத்தை மீறாதவர்கள் என்ற ஒரே ஒரு பலம்தான் அவர்களிடம் இருந்தது. அதை எம்.பி.யின் முன்னால் வைத்துக் கேட்பதென்பது திட்டம். இந்தச் சத்தியத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறார்கள்?

அன்று காலை அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். அம்மா குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். அம்மப்பாவோடு அணிவகுப்புக்குப் போகிறவள் நான்தான். “பிள்ளை, அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வா,” என்று அவர் கீழேயிருந்து கூப்பிட்டார். மேலே போய்க் கோட்டைத் தூக்கினால், ஐயோ, அதில் அம்மா குத்தியிருந்தது மூன்று பதக்கங்கள்! அந்த வருடம் மலர்வளையம் வைக்கிற மரியாதையை வேறு அம்மப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய காரியத்துக்கு மனிதர் மூன்றோடு வெளிக்கிடுவதா? தோசைக்குப் பார்க்கிற அம்மா இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று எனக்கு ஆச்சரியம். போய்க் கேட்டால் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வராதே என்று ஏச்சு விழும். மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன். நாலாவதை எடுத்து, மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் ஊசியால் குத்தினேன். அணியக்கூடாது என்று நானே வாசித்த கடிதம் ஞாபகம் வராமல் இல்லை. தீபாவளிச் சட்டையையும் அம்மா அப்படித்தான் சொல்லுவார், அல்மாரியில் இருக்கட்டும், போடக்கூடாது என்று. அதற்கென்று ஒரு நாள் வந்தால் போடத்தானே வேண்டும்? இதைவிடப் பெரிய நாள் எது வரப்போகிறது என்று நினைத்தேன்.

அம்மப்பாவுக்குக் கண் தெரியவில்லை. தூறல் என்பதால் கோட்டுக்கு மேலே மழைக்கோட்டும் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் அதைக் கழற்றவில்லை. நினைவுத் தூணடியில் அவருடைய பெயரைக் கூப்பிட்டதும் மழைக்கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, மலர்வளையத்தோடு தட்டித் தடவி நடந்தார். நாலு பதக்கங்களும் மழை வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் மளமளவென்று படம் எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வளையத்தை வைத்துவிட்டு அவர் வரிசைக்குத் திரும்பியதும் பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் குனிந்து காதில் ஏதோ சொன்னார். அம்மப்பாவின் கை நெஞ்சுக்குப் போனது. விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தடவிக்கொண்டு போய் நாலாவதில் நின்றது. அதே நேரம் பியூகிள் ஊதி, இரண்டு நிமிட மௌனம் தொடங்கிவிட்டது. இனி அசைய முடியாது, பட்டாளத்து ஆள் அசையவும் மாட்டார். உள்ளங்கையால் அந்தப் பதக்கத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, பாவம், இந்த மனிதருக்கு எவ்வளவு பக்தி என்று கண்ணைத் துடைத்தார்.

பிறகு மண்டபத்தில் தேநீர். ரோல்ஸை யாரும் தொடவில்லை. சார்ஜன்ட் அம்மப்பாவுக்கு முன்னால் வந்து நின்று, இதை எப்படிச் செய்யலாம் என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு விதியையும் மீறாதவர்கள் என்று சொல்லத்தானே நாங்கள் போக இருந்தோம், இப்போது படமும் எடுத்துவிட்டார்கள், எந்த முகத்தோடு போவது என்றார். அங்கே நின்ற இன்னொருவர், அவருக்குத்தான் கண் தெரியாதே, வீட்டில் யாராவது மாறிக் குத்திவிட்டார்களோ என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மப்பாவுக்கு என் முகம் தெரிந்திருக்காது. ஆனால் நான் அவருடைய மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

“இல்லை,” என்றார் அம்மப்பா ஆங்கிலத்தில். “வேறு யாரும் இல்லை. நானேதான் குத்தினேன். ஆசையாக இருந்தது.”

அதோடு எல்லாம் முடிந்தது. எம்.பி.யிடம் சார்ஜன்ட் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போனார். பதில் பழைய பதில்தான். அம்மப்பா போயிருந்தாலும் அதுதான் கிடைத்திருக்கும் என்று அப்பா சொல்லுவார். அது எனக்கு ஆறுதலாக இருந்ததே இல்லை. சனிக்கிழமைகளில் அம்மப்பாவை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, இவராகவே நிறுத்திக்கொண்டார். “கால் ஏலாது,” என்றார். கண் ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பெட்டியை அவர் திறந்து நான் காணவில்லை. இரண்டு குளிர்காலம் கழித்துச் செத்துப்போனார். அணியலாம் என்ற அனுமதி அதற்கும் பிறகு, நான் பெரிய வகுப்புக்குப் போன காலத்தில் வந்தது. செய்தியைக் கேட்ட அம்மா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். யார் குத்தினார்கள் என்பது அம்மாவுக்கு அன்றும் தெரியாது. இன்றும் தெரியாது.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மப்பா என் கையைப் பிடித்தார். நான் வெடுக்கென்று உதறிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். “என்ன பிள்ளை, பயந்துபோனியோ?” என்று கேட்டார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். அவருக்கு நல்லது நடக்கட்டும் என்று குத்தியது நான். அத்தனை பேர் முன்னால் நானேதான் குத்தினேன் என்று சொல்லி, நான் செய்த வேலைக்கு அவர் பெயர் வாங்கிக்கொண்டார் என்று, இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை.