கீழ்த்தட்டுத் தூசியில் ஒரு பெயர்

அக்காவோடு ஒரே வீட்டில் இருக்கும் தங்கை போராடிப் பெற்றவை இவை: ஏழு வயதில் வந்த மஞ்சள் காமாலையிடமிருந்து உயிர், மூன்று கான்டிராக்டர் மாறியும் போகாத துப்புரவு வேலை, இரண்டு வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த ஒரு ஜோடி கையுறை, உட்கார்ந்து டீ குடிக்க ஒரு ஸ்டூல், புருஷன் விட்டுப் போன பிறகும் பத்தாம் வகுப்புவரை வந்துவிட்ட மகள். இவற்றில் ஒன்றையும் அவள் பெருமையாகச் சொன்னதில்லை. "முட்டி வலிக்குதுக்கா" என்றுதான் அக்காவிடம் சொல்வாள்.

பழைய அரசு ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்தில் பதினான்கு வருடமாகக் கூட்டித் துடைக்கிறாள். மூன்று மாடி, நாற்பத்தாறு அலமாரி. எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஜூலையில் மகளுக்கு வரலாற்று புராஜெக்ட். வெள்ளைக்காரர் ஆட்சியில் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பதினைந்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"எல்லாரும் நெட்டுல கவர்னர் பங்களா படமா எடுத்து ஒட்டுறாங்கம்மா. கூலி வேல பாத்தவங்களப் பத்தி ஒண்ணுமே கிடைக்கல."

தங்கை முட்டிக்குத் தைலம் தேய்த்தபடியே சொன்னாள்: "எங்க ஆபீஸ்ல மூணாவது வரிசை, கீழ்த்தட்டு. எலி கடிச்ச மூலை, பச்சை நாடா போட்ட கட்டு. ரோடு போட்டவங்க ஆஜர் புஸ்தகம்னு கிளார்க் ஒரு தடவ சொன்னாரு. பக்கம் பக்கமா கட்டைவிரல் ரேகைதான்டி. என்னோடது மாதிரியே."

நாலாம் தேதி, மகள் வந்து அதைப் பார்க்க அனுமதி கேட்டுத் தங்கை கிளார்க்கிடம் போய் நின்றாள். அவர் படிவத்தை நீட்டினார்.

"பதினெட்டு வயசு ஆகலைன்னா அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடணும். கைநாட்டுன்னா பெரிய ஆபீசர் சாட்சி வேணும். அவரு மாசக் கடைசி வரைக்கும் லீவு."

வீட்டில் அக்கா கையை நீட்டினாள். "கொண்டா, நான் போட்டுத் தர்றேன். அஞ்சாவது படிச்சது இதுக்காவது உதவட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல? நான் கூட்டுற ரூம்ல என் பொண்ணு உக்கார, உன் கையெழுத்தா? என் பேரை மட்டும் ஒரு துண்டுல எழுதிக் குடு."

நாலே எழுத்து. ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாலே கண் சொருகிவிடும். அதனால் வேலை நேரத்திலேயே பழகினாள். ஒவ்வொரு தட்டையும் துடைக்கும் முன், துண்டுச் சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தூசியில் விரலால் எழுதுவாள். பிறகு துடைத்துவிடுவாள். மூன்றாவது எழுத்து மட்டும் ஒவ்வொரு தடவையும் மல்லாந்து விழுந்தது.

ஏழாவது வேலைநாள், முட்டி வலியில் ஒரு கீழ்த்தட்டைத் துடைக்க மறந்துவிட்டாள். கிளார்க் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, அலமாரியில உன் பேரு? சொத்தை எழுதி வாங்கிட்டியா? யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"உனக்குத்தான் எழுதத் தெரியாதே!"

"தெரியாது சார். இது ஒண்ணு மட்டும்."

சிரிக்கப் போன கிளார்க், குனிந்து அந்த நாலு எழுத்தையும் மறுபடி படித்தார். மேசைக்கு அழைத்துப்போய்ப் படிவத்தை வைத்தார். "பேனாவுல வருதா பாப்போம்."

கையுறையைக் கழற்றினாள். தூசியில் விரல் வழுக்கியதில்லை, பேனா வழுக்கியது. கோட்டுக்கு வெளியே போனாலும் நாலு எழுத்தும் வந்து சேர்ந்தன. மூன்றாவது எழுத்து சற்றே சாய்ந்து நின்றது. கிளார்க் முத்திரை குத்தினார்.

"பொண்ணை வரச் சொல்லு. அந்தப் பச்சை நாடாக் கட்டைத் தேடி எடுத்து வைக்கிறேன்."

"நீங்க எதுக்குச் சார் தேடணும்? இடம் எனக்குத் தெரியும்."

சாயங்காலம் நாலரைக்கு மகள் வாசிப்பறையில் உட்கார்ந்து பச்சை நாடாவை அவிழ்த்தாள். தங்கை நின்று பார்க்கவில்லை; இரண்டாம் மாடிப் படிகள் பாக்கி இருந்தன.

அந்தப் படிவம் இன்னும் அங்கே கோப்பில் இருக்கிறது. தேதி எழுத அவளுக்கு வராது என்பதால் அந்தக் கட்டத்தைக் கிளார்க்கே நிரப்பியிருக்கிறார்: 12.07.2022.