எந்தப் பக்கம் சுற்றுகிறது?

பெண் கை பட்டால் மெஷின் கெட்டுப்போகும் என்று நம்புகிறீர்களா? அவசரமாகத் தலையை ஆட்டி மறுக்காதீர்கள். படித்தவர்களும் வாயால்தான் மறுக்கிறார்கள். ஆள் எடுக்கும்போது பழைய கதைதான்.

பட்டறையில் எல்லோருக்கும் அவர் ஷேப்பர் அக்கா. வந்ததும் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்வார், தலையில் துணி கட்டுவார், இடது காதில் மட்டும் பஞ்சு வைப்பார். வலது காது மெஷினுக்கு. இரும்புத் தூளை வாயால் ஊதவே மாட்டார். ஊதுகிறவர்களைப் பார்த்தால், "கண்ணு ரெண்டுதானே இருக்கு, எதுக்குப்பா வீசி எறியுற?" என்று பிரஷ்ஷை நீட்டுவார்.

தச்சர் மரத்தை இழைப்பதுபோல ஷேப்பர் இரும்பை இழைக்கும். அதன் நீண்ட இரும்புக் கை உளியோடு முன்னால் போகும்போது சீவும். பின்னால் வரும்போது சும்மா வரும். அதனால் போவது நிதானம், திரும்புவது வேகம். புதிதாக யார் கேட்டாலும் அக்காவிடம் ஒரே விளக்கம்தான்: "எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போற மாதிரி போவான். வேலை விட்டு வர்ற மாதிரி வருவான்." அவர் கணவரே இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

பதினொரு வருடம் ஓட்டிய மெஷினில் ஒருநாள் மோட்டார் கருகிவிட்டது. வெளியிலிருந்து வந்த மோட்டார்காரர் புதியதை மாட்டினார். அடித்தளத்தின் துளைகள் பொருந்தவில்லை. அக்காதான் தகடு வெட்டித் துளையிட்டுக் கொடுத்தார். பெல்ட்டை விரலால் அழுத்தித் தொய்வு பார்த்தவரும் அவரே. வயர் இணைக்கும்போது மட்டும் மோட்டார்காரர் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். அது கரண்ட் சமாச்சாரமாம்.

சுவிட்சைப் போட்டதும் மெஷின் ஓடியது. இரும்பை வைத்ததும் மடேரென்று இடித்தது. உளி முனை தெறித்தது. இன்னொரு உளி மாட்டினார்கள், அதுவும் போயிற்று. மோட்டார்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, இனி இது பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். பொம்பளை ஓட்டிய மெஷின் வேறு எப்படி இருக்கும் என்று மேஸ்திரி ஒத்து ஊதினார். முதலாளி யோசித்தார். மாலையில் லாரி வரச் சொல்லலாம், அக்கா நாளையிலிருந்து பெட்டி கட்டும் பிரிவுக்குப் போகட்டும் என்றார்.

பதினொரு வருடத் தொழிலை அரை நிமிடத்தில் பெட்டி கட்ட அனுப்பிவிடும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? எதிரில் நிற்பவர் வாயைத் திறக்க மாட்டார் என்ற தைரியத்திலிருந்துதான்.

அக்கா திறந்தார். இரும்பு வைக்காமல் மெஷினை ஒருமுறை வெறுமனே ஓட்டச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வயரை மாத்திக் குடுத்திருக்கீங்க, அண்ணே."

"ஏம்மா, மோட்டார் சுத்துதா இல்லையா?"

"சுத்துது. எந்தப் பக்கம் சுத்துதுன்னுதான் கேக்குறேன்."

மோட்டார்காரர் மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முதலாளியைக் கூப்பிட்டார்.

"நான் சொல்றத நம்ப வேணாம் சார். நீங்களே எண்ணுங்க."

முதலாளி வாய்விட்டு எண்ணினார். முன்னால் போக இரண்டு. பின்னால் வர மூன்று. மறுபடியும் எண்ணினார். அதே கணக்கு.

"போறதுக்கு மூணு, வர்றதுக்கு ரெண்டு. அதான் சார் இதோட நடை. இப்ப மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்துறதால தலைகீழா ஓடுது. வெட்டுற நேரத்துல பாஞ்சா உளி என்ன பண்ணும்? உள்ள ஒண்ணும் தேயல. மூணு வயர்ல ரெண்ட இடம் மாத்துங்க, போதும்."

மோட்டார்காரரின் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, இரண்டு வயர்களை மாற்றினார். அக்கா மூன்றாவது உளியைப் பூட்டி, இரும்பை இறுக்கி, சுவிட்சைத் தட்டினார். மெஷினின் இரும்புக் கை நிதானமாக முன்னால் போனது. இரும்பு சுருள் சுருளாக உரிந்து தட்டில் விழுந்தது. சீவிய பரப்பில் முதலாளி விரலை ஓட்டிப் பார்த்தார். லாரிக்காரருக்கு வர வேண்டாம் என்று அவரே போன் செய்தார். அக்கா யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அன்று அவர் நின்ற நிற்பில் பட்டறைக் கூரையே கொஞ்சம் தாழ்ந்துபோனதுபோல் இருந்தது.

மேஸ்திரி பராமரிப்பு நோட்டை விரித்து, "புது மோட்டார் மாட்டப்பட்டது. கோளாறை மோட்டார் மெக்கானிக் சரிசெய்தார்" என்று எழுதினார். அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "கோளாறு: சுற்றும் திசை. கண்டுபிடித்தவர்: ஷேப்பர் ஆபரேட்டர்" என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு நோட்டைத் திருப்பி வைத்து, பேனாவை மேஸ்திரியிடம் நீட்டினார், அவரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் இப்படியொரு நோட்டு இருக்கும். நாளைக் காலை அதைத் திறங்கள். செய்தவர் பேர் விட்டுப்போன வரியைத் தேடிப்பிடித்து, அந்தப் பேரை எழுதுங்கள்.