கீழ்புத்துப்பட்டிலிருந்து வந்த சாட்சி

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, மரக்காணத்தில் அப்பா கட்டிய வீட்டுக்கே திரும்பிவிட்டேன். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசைக்குப் போவதைத் தவிர வெளியே போக எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

அப்போதுதான் என் பழைய மாணவி ஒருத்தி ஐரோப்பாவிலிருந்து அழைத்தாள். பிரெஞ்சு பேசும் ஒரு நாட்டில் வழக்கறிஞர்கள் சிலரோடு வேலை செய்துகொண்டிருந்தாள். இலங்கையில் போர் நடந்த காலத்தில் ஒரு ராணுவ முகாமுக்கு அதிகாரியாக இருந்தவர் இப்போது அந்த நாட்டில் மகள் வீட்டில் குடியிருப்பதாகச் சொன்னாள். அவரைக் கைது செய்திருக்கிறார்கள் என்றாள்.

"இலங்கையில நடந்ததுக்கு அங்க எப்படிம்மா கேஸ் போட முடியும்?" என்று கேட்டேன்.

"சில குற்றத்துக்கு ஊர், நாடு கிடையாது மேடம். சித்திரவதை, ஆளைக் கடத்தி மறைக்கிறது, இதெல்லாம் எங்க நடந்திருந்தாலும், செஞ்சவன் எங்க இருக்கானோ அந்த நாட்டுக் கோர்ட்டே விசாரிக்கலாம். சாட்சி ஒருத்தர் உங்க பக்கத்துலதான் இருக்காங்க. அவங்க சொல்றதை நீங்கதான் பிரெஞ்சுல சொல்லணும்."

சாட்சி கீழ்புத்துப்பட்டு அகதி முகாமில் இருந்தார். அங்கே ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்பதால் என் வீட்டிலேயே வாக்குமூலம் எடுக்க முடிவானது. எனக்கு இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். யாரிடமும் இதைப் பற்றிப் பேசக் கூடாது. விசாரணை நேரத்துக்கு வெளியே சாட்சியிடமும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது.

அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஏறக்குறைய என் வயதுதான். உப்பளத்தில் கூலி வேலை என்றார். கால் விரல்களின் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கணினித் திரையில் இளம் வழக்கறிஞர் ஒருத்தி வணக்கம் சொன்னாள்.

"நீங்க சொல்றதை நான் 'நான்'னுதான் சொல்லுவேன். 'இவங்க சொல்றாங்க'ன்னு சொல்ல மாட்டேன். அதுதான் முறை," என்று அவரிடம் முன்பே விளக்கினேன்.

"ஓம் ரீச்சர். அப்பிடியே சொல்லுங்கோ."

அவர் சொல்லத் தொடங்கினார். காலையில் கணவரோடு சந்தைக்குப் போனது, சோதனைச் சாவடியில் சைக்கிளை நிறுத்தியது, அந்த அதிகாரி வந்து பெயரைக் கேட்டது. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நான் பிரெஞ்சில் சொன்னேன். "என் கணவரை இறக்கினார்கள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்." நாற்பது வயதுக்கு மேல் திருமணம் செய்து, ஆஸ்பத்திரியில் கணவரின் கையைப் பிடித்தபடி வழியனுப்பிய நான் அதைச் சொன்னேன்.

வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்டாள். நான் தமிழில், "உங்க கணவர் காணாமப் போன அன்னிக்கு அவர் என்ன உடுத்தியிருந்தார்?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அவர் காணாமல் போகேல்லை ரீச்சர். அவரைக் கொண்டு போனவை. காணாமல் போறது ஆடு மாடு."

நான் அதையும் அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். வழக்கறிஞர் எழுதுவதை நிறுத்தி, தலையாட்டி, மன்னிப்புக் கேட்டாள். அதன் பிறகு 'காணாமல் போன' என்ற சொல்லை வழக்கறிஞரும் நானும் பயன்படுத்தவில்லை.

இடைவேளையில் டீ போட்டுக் கொடுத்தேன். கேட்க எனக்கு எவ்வளவோ இருந்தது. அவருக்கும் சொல்ல இருந்திருக்கும். நிபந்தனையை நினைத்து, மழை வந்தால் உப்பு கரைந்துவிடுமே என்று பேசினோம். பிறகு அதுவும் தீர்ந்துபோனது. சுவரைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

இப்படிப் பல முறை வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் வேலியோரம் நின்று கேட்டாள்: "யாரு டீச்சர் அந்தம்மா? அடிக்கடி வர்றாங்க, கதவைச் சாத்திக்கிறீங்க, பேச்சுச் சத்தமே கேக்குறதில்ல."

"தெரிஞ்சவங்கம்மா."

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும், அதே ஊரில் இருக்கும் என் அண்ணன், "தனியா உக்காந்து என்ன பண்றே? எங்க வீட்டுக்கு வந்துடு," என்றார். முந்தின நாள் நான் சொன்ன வாக்கியங்கள் வாய்க்குள் அப்படியே கிடந்தன. "டிவி பாக்குறேன்," என்றேன்.

நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது சாட்சியால் அங்கே போக முடியவில்லை. அகதிக்குப் பாஸ்போர்ட் இல்லை. நீண்ட இழுபறிக்குப் பிறகு, புதுச்சேரியில் ஓர் அலுவலகத்திலிருந்து வீடியோ வழியாகச் சாட்சி சொல்ல இரண்டு நாடுகளும் சம்மதித்தன. நீதிமன்றத்திலேயே மொழிபெயர்ப்பாளர் இருந்ததால் நான் அறைக்குள் போகக் கூடாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருந்தது. உள்ளே எந்த வாக்கியம் போய்க்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும் போலவும் இருந்தது, எதுவுமே தெரியாதது போலவும் இருந்தது.

மதியத்துக்கு மேல் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்க மொழிபெயர்த்தது ஒரு ஆம்பிளை, ரீச்சர். உங்கட குரல் எண்டு நினைச்சுக்கொண்டுதான் கதைச்சனான்."

"அந்த அதிகாரியைப் பாத்தீங்களா?"

"கிழவனாப் போனான். நீதிபதி கடைசியா, ஏதும் சொல்ல விருப்பமோ எண்டு கேட்டவர். என்ர மனுசனை எங்க குழி வெட்டித் தாட்டவை எண்டு அவனிட்டக் கேளுங்கோ எண்டு சொன்னனான். நீதிபதியும் கேட்டவர்."

"என்ன சொன்னாரு?"

"வாயே திறக்கேல்லை."

பதில் சொல்லாமல் இருக்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு என்று நான் விளக்கவில்லை. விசாரணைக்கு முன்பே வழக்கறிஞர் அதை அவரிடம் சொல்லியிருந்தாள்.

தீர்ப்பு வந்த அன்று மாணவி அழைத்தாள். குற்றவாளி என்று முடிவாகி, சிறைத் தண்டனை விதித்திருந்தார்கள். சாட்சியிடம் நானே நேரில் சொல்லலாம் என்றாள். மறுநாள் காலை வெயிலில் உப்பளத்துக்கு நடந்தேன். வரப்பில் நின்று கையசைத்ததும் அவர் பாத்தியிலிருந்து ஏறி வந்தார். சொன்னேன்.

"இடத்தைச் சொன்னவனோ?"

"இல்லம்மா. ஆனா உங்க வீட்டுக்காரரை அந்த முகாமுக்குள்ளதான் வச்சிருந்தாங்கன்னு கோர்ட்டு உறுதியா சொல்லிடுச்சு. தீர்ப்புல அவர் பேர் இருக்குது."

"அந்தப் பாசையில அவற்ர பேர் எப்பிடி வருது? சொல்லுங்கோ பாப்பம்."

போனில் வந்திருந்த பகுதியைப் பிரெஞ்சிலேயே வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெயர் வந்த இடத்தில் மட்டும் தலையை அசைத்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டார்.

அதன் பிறகு எந்தத் தடையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். வந்தார். மீன் குழம்பைப் பற்றிப் பேசினோம். இனி எல்லாவற்றையும் பேசலாம் என்று இருந்தபோது, பேச இருவருக்குமே தெம்பு இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "நான் ஊருக்குப் போகப்போறன் ரீச்சர்," என்றார். "அவரை வச்சிருந்த முகாம் எது எண்டு இப்ப தெரியும்தானே."

அகதிகள் திரும்பிப் போவதற்கான அனுமதி கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அவர் போன பிறகு, என் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட வழக்கறிஞர்கள் சொன்னார்கள். அழித்தேன். அவர் சொன்ன வாக்கியங்கள் இன்னும் பிரெஞ்சில்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அந்த மொழியில் பேச இந்தத் தெருவில் ஆளில்லை.

இலங்கையிலிருந்து ஒரே ஒரு முறை அழைத்தார். காற்றுச் சத்தம் அதிகமாக இருந்தது. அந்த ராணுவ முகாம் இன்னும் இருக்கிறதாம், சுற்றிலும் கம்பி வேலி போட்டிருக்கிறார்களாம். உள்ளே விடவில்லை, வெளியே நிற்பதைத் தடுக்கவும் இல்லை என்றார்.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நிண்டனான். பிறகு பஸ்ஸுக்கு நேரமாச்சு."