உமாராணியின் கூட்டத்தில் சொன்னது

தனக்குள்ளும் பொறாமை உண்டு என்பதைத் தேவபிரசாதம் நாற்பது வயதுக்கு மேல்தான் கண்டுகொண்டார். நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. தம்பி டாக்டரானபோதுகூட முகம் சுளிக்காதவர். சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் ஊர்ப்பக்கம் திரும்பி, தூத்துக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் லாரிகளுக்கும் கிளியரிங் ஏஜெண்டுகளுக்கும் ஆப் செய்து கொடுக்கிற கம்பெனி. அங்கே இரண்டு டீம். ஒன்றுக்கு இவர் ஸ்கிரம் மாஸ்டர். இன்னொன்றுக்கு ஆழ்வார்திருநகரி உமாராணி, இவரைவிட நன்றாக இளையவள்.

ஸ்கிரம் மாஸ்டர் மேலதிகாரி இல்லை. வேலை முட்டாமல் நடக்கப் பார்த்துக்கொள்பவர், அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டீமை உட்காரவைத்து, எது நன்றாக நடந்தது, எது சொதப்பியது, அடுத்து எதை மாற்றலாம் என்று பேசவைக்க வேண்டும். ரெட்ரோ என்பார்கள். தேவபிரசாதத்தின் ரெட்ரோ சரியான நேரத்துக்குத் தொடங்கும், சரியான நேரத்துக்கு முடியும். "எல்லாம் நல்லாத்தான் சார் போச்சு" என்பார்கள். யாராவது ஒரு குறை சொன்னால், அது ஏன் அப்படி ஆயிற்று என்று இவர் பொறுமையாக விளக்குவார். முடிந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று பெயர் போட்டு மேனேஜர் ராஜபாண்டிக்கு மெயில் அனுப்புவார். அந்த ஒழுங்கில் அவருக்குப் பெருமை.

உமாராணி டீமின் அறைக்கும் இவர் டீமின் அறைக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்பு. உமாராணியின் கூட்டம் நடக்கும்போது சண்டை கேட்கும், சிரிப்பு கேட்கும், மறுபடி சண்டை கேட்கும். அடுத்த இரண்டு வாரத்தில் அவள் டீமில் ஏதாவது ஒன்று நிஜமாகவே சீராகியிருக்கும். எல்லோர் முன்னாலும் ராஜபாண்டி, "உமா டீமப் பாத்துக் கத்துக்கிடுங்கப்பா" என்றார். அன்றைக்குத் தேவபிரசாதத்துக்குச் சோறு இறங்கவில்லை.

உமாராணி ஆளாளுக்கு வண்ணச் சீட்டில் எழுதி ஒட்டச் சொல்வதைப் பார்த்து இவரும் வண்ணச் சீட்டு வாங்கினார். தின்பதற்கு முந்திரி மக்ரூன்கூட வாங்கிவைத்தார். டீம் மக்ரூனைத் தின்றுவிட்டு, எல்லாம் நல்லாத்தான் போச்சு என்றது.

அந்த வாரம், லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய அனுமதி தரும் உமாராணி டீமின் கேட் பாஸ் ஆப் படுத்துவிட்டது. பழைய போன் வைத்திருந்த டிரைவர்களுக்கு அது திறக்கவே இல்லை. பைபாஸில் லாரிகள் வெயிலில் வரிசையாக நின்றன. யார் தவறு என்று ராஜபாண்டி கேட்டபோது, "டீம் தப்பு சார், சரிபண்ணிட்டோம்" என்றாள் உமாராணி. அன்றைய ரெட்ரோவில் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் டீம் பையன் பெவினின் குரல் கேட்டது.

"நாந்தான்க்கா. ஊருக்குப் போற அவசரத்துல பழைய போன்ல டெஸ்ட் பண்ணாம புது வெர்ஷன ஏத்திட்டேன்."

"சரிப்பா. பெவின் அவசரப்பட்டான்னு எழுத வேண்டாம். டெஸ்ட் பண்ணாம ஏத்துததுக்கு நம்ம வழி விட்டுருக்கோம்லா, அத எப்படி அடைக்கன்னு சொல்லுங்க."

தேவபிரசாதம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தன்னிடம் ஒருவரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் டீக்கடையில் ராஜபாண்டியிடம், "உமா டீம்ல மனசு விட்டுப் பேசுதாவ சார். அந்த கேட் பாஸ் விஷயத்த பெவினே ஒத்துக்கிட்டான்லா" என்றார். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னார்.

"பெவினா?" என்று ராஜபாண்டி டம்ளரைக் கீழே வைத்தார். சாயங்காலத்துக்குள் பெவினைக் கூப்பிட்டுத் திட்டி, புது புராஜெக்டிலிருந்தும் எடுத்துவிட்டார்.

அடுத்த ரெட்ரோவில் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "எல்லாம் நல்லாத்தான்க்கா போச்சு" என்று ஒருத்தன் சொன்னது கேட்டது. தேவபிரசாதத்துக்கு நெஞ்சுக்குள் குளுகுளு என்றிருந்தது.

மத்தியானம் உமாராணி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். திறக்கவில்லை.

"அண்ணே, எங்க டீம் பெர்சிதான் போட்டுக்கொடுத்துட்டான்னு பெவின் நினைக்கான். ரெண்டு பேரும் ஒரே ரூமு. இப்போ மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கானுவ. உங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி. நான் என்ன செய்யட்டும்?"

அவள் தன்னிடம் யோசனை கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறார். இப்போது கேட்டுவிட்டாள்.

"பெர்சி இல்லம்மா. தடுப்பு வழியா எனக்குக் கேட்டுச்சு. நாந்தான் சொன்னேன்."

உமாராணி நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குண்ணே?"

"எரிச்சல். வேற ஒண்ணுமில்ல."

"அத அவனுவகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்று தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போய்ச் சொன்னார். பெர்சி தலையைக் குனிந்துகொண்டான். "நல்லவேள, இப்பமாவது சொன்னிய" என்றான் பெவின். அதில் மரியாதை இல்லை. ராஜபாண்டியிடமும் பெவினுக்காகப் பேசிப் பார்த்தார். அவர் மசியவில்லை. உமாராணி தன் கூட்டத்தை மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டாள். இவரிடம் காரணம் சொல்லவில்லை.

தன் டீமின் அடுத்த ரெட்ரோவில், இனி எவர் பெயரும் வெளியே போகாது, மெயிலும் கிடையாது என்றார். யாரும் நம்பின மாதிரித் தெரியவில்லை. கடைசியில் ஜாஸ்லின் என்ற பெண் கேட்டாள்: "நெசமாவே அனுப்ப மாட்டியளா சார்?"

"மாட்டேன்."

"அப்போ ஒண்ணு சொல்லுதேன். நாங்க ஒரு குறைய ஆரம்பிச்சாலே நீங்க பதில் சொல்லிருதிய. பெறகு எதுக்குப் பேசணும்னு விட்டுருதோம்."

அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, அவள் சொன்னதை அப்படியே போர்டில் எழுதினார். அடுத்த தடவை அவர் எழுத மட்டும் செய்வது, பேசுவதில்லை என்று முடிவானது.

பொங்கல் கழிந்ததும் கம்பெனி முழுவதுக்கும் ரெட்ரோ நடத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்லி உமாராணியை முன்னால் நிறுத்தினார்கள். தேவபிரசாதம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். அந்த இடத்தில் தான் நின்றிருக்க வேண்டும் என்று வகுப்பு முடிகிறவரை தோன்றிக்கொண்டேதான் இருந்தது. இருந்தாலும், கேள்வி இருக்கிறதா என்று அவள் கேட்டபோது, கையைத் தூக்கினார்.