பத்துமணிப் பூவும் பெரியப்பாவின் மண்வெட்டியும்

"ணங்" என்று தரையில் சத்தம் கேட்டால் அப்பா வெளியூரிலிருந்து வந்துவிட்டார் என்று பொருள். மற்ற வீட்டு அப்பாக்கள் ஊருக்குப் போய் வந்தால் பை சரசரக்கும், பிரித்தால் காராபூந்தி வாசனை வரும். எங்கள் அப்பாவின் மஞ்சள் பையில் கல்தான் இருக்கும். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல் உட்கார்ந்திருக்கிற நன்னிலத்தில் ஓணான் அடிக்கக்கூட நல்ல கல் கிடைக்காது என்பதால், புதுக்கோட்டைப் பக்கம் கல்யாணத்துக்குப் போனாலும் துக்கத்துக்குப் போனாலும் அப்பா இரண்டு கல்லோடுதான் பஸ் ஏறுவார். "ஊருல எல்லாரும் பொண்டாட்டி புள்ளைக்குத் தின்பண்டம் வாங்கிட்டு வர்றாங்க. எனக்கு வாய்ச்சது கல்லு சொமக்குது" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்.

இத்தனைக்கும் காரணம் உரக்கடையில் கொடுத்த ஒரு காலண்டர். ஏதோ மலை ஊரில், பாறைகளுக்கு நடுவே பூக்கள் தரையோடு தரையாகப் பாய் விரித்துக் கிடக்கும் படம் அதில் இருந்தது. வருஷம் முடிந்தும் அப்பா அதைக் கழற்றவில்லை. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துச் சம்பாதித்த முதல் ஆள் அவர்; அவருக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலில் குனிந்து நிமிர்ந்தவர்கள். அதனாலோ என்னவோ, தின்னவும் ஆகாத, விற்கவும் ஆகாத, பார்க்க மட்டுமே ஆகிற ஒன்றை வாசலில் வளர்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. நர்சரியில் வாங்கிய மலைச் செடிகள் இரண்டு முறை எங்கள் சித்திரை வெயிலுக்குப் பொசுங்கிப் போன பிறகு, பத்துமணிப் பூவுக்கு வந்தார். கிள்ளி நட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். வெயிலோ உப்புத் தண்ணீரோ அதை ஒன்றும் செய்யாது, எப்போது பார்த்தாலும் பச்சையாகத் தரையில் படர்ந்திருக்கும். நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் அதை நட்டு, நடுநடுவே கற்களை வைத்தார். படத்தில் இருந்த மாதிரி அமையவே இல்லை. கல் போதவில்லை என்று கடைசியில் அம்மாவின் துவைக்கிற கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. பூ மலர்வது காலை பத்து மணிக்கு. மூன்று மணிக்கெல்லாம் சுருங்கிவிடும். அப்பாவோ எட்டரை பஸ்ஸைப் பிடித்து வலங்கைமான் தாலுகா ஆபீசுக்குப் போய், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். ஆக, வளர்த்தவர் பூவைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் மட்டுமே. யாராவது பெரிய தலைவர் காலமாகி திடீர் விடுமுறை விட்டுவிட்டால், அப்பா முகத்தில் தேசத்தின் துக்கத்தை ஏந்தியபடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மற்ற நாட்களில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எத்தனை பூத்துச்சு?" என்று கேட்பார். "எண்ணிக்கிட்டு நிக்க எனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள் அம்மா. கொஞ்சம் கழித்து, "முப்பத்தாறு" என்பாள்.

அப்பாவைப் படிக்கவைத்தவர் பெரியப்பா. பண்ணை வேலை பார்த்து, பிறகு குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாகவே மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், வாங்கியவர். தோட்டம் போடுவதைப் பற்றி அப்பா சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது எதுக்குடா ஆகும்?" ஊரே புகழ்ந்தாலும் அண்ணன் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு எதுவும் ருசிக்காது. அதனால், செடி நன்றாகப் படர்ந்ததும், "ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு ஒரு தடவ வந்து பாருங்கண்ணே, அப்புறம் சொல்லுங்க" என்று ஒரு மாதமாகக் கெஞ்சினார்.

பெரியப்பா சனிக்கிழமை சாயங்காலமே அரிசி மூட்டையோடு வந்துவிட்டார். பூ சுருங்கியிருந்தது. மறுநாள் விடிந்ததும் அண்ணனுக்கு நல்ல கறியாக வாங்க அப்பா கடைக்குப் போய் வரிசையில் நின்றார். பெரியப்பா ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர், எழுந்தால் கை சும்மா இருக்காது. வாசலைப் பார்த்தார். பூக்காத நேரத்தில் பத்துமணிச் செடி அசப்பில் "கோழிப்பசலை" மாதிரி இருக்கும். வயலில் அது களை; தம்பி பார்க்கக் கூப்பிட்ட பூ இதுதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. போதாக்குறைக்கு மண்ணில் கல் வேறு. காலைக் கிழிக்கும், கலப்பையை உடைக்கும் என்று கல்லைக் கண்டால் பொறுக்கி எறிந்தே வளர்ந்த கை அது. அம்மாவிடம் மண்வெட்டி கேட்டார், அவளும் எடுத்துக் கொடுத்தாள். எதற்கென்று தெரியாமல் கொடுத்தேன் என்று அம்மா இன்றுவரை சாதிக்கிறாள். எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் எழுந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பூச்செடி ஓரம் முழுவதையும் வழித்து, வரப்புக்குச் செய்வது போல இரண்டு பக்கமும் ஓரத்தைச் செதுக்கி "அண்டை வெட்டி", சேறு குழைத்துப் பூசி, விரலால் நீவிவிட்டிருந்தார். அவ்வளவு நேர்த்தியான வரப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பிடுங்கிய செடியும் பொறுக்கிய கல்லும் மதில் மூலையில் ஒரே குவியலாகக் கிடந்தன. துவைக்கிற கல் மட்டும் கொல்லையில் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

கறிப்பையோடு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாருடா, இப்பதான் ஆபீசர் வீடு மாதிரி இருக்கு. களை மண்டிக் கெடந்தா பாக்கறவன் என்ன நெனைப்பான்?" என்றார் பெரியப்பா, சேற்றுக் கையோடு, அத்தனை சந்தோஷமாக.

அப்பா கறிப்பையை அம்மாவிடம் கொடுத்தார். "கை கால் கழுவிட்டு வாங்கண்ணே, இட்லி ஆறுது" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து நான் தெருப்பக்கம் போனேன். மணி பத்து இருக்கும். மதில் மூலையில் வெயில் விழுந்திருந்தது. வேரறுந்து தாறுமாறாகக் கிடந்த அந்தச் செடிகள், தங்களைப் பிடுங்கிப் போட்ட விஷயமே தெரியாதது போல, கல்லுக்குக் கல் இடுக்கில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருந்தன. காலண்டர் படம் அப்படியே இருந்தது! அப்பா இரண்டு வருஷம் நகர்த்தி நகர்த்தி வைத்தும் அமையாததைப் பெரியப்பா வீசி எறிந்தே அமைத்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

பெரியப்பா தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "புடுங்கிப் போட்டும் பூக்குதே, இதுக்கு என்னடா இவ்வளவு வீம்பு!" என்றவர், "தெனம் இப்படித்தான் பூக்குமா?" என்று கேட்டார்.

"தெனம் பூக்கும்ணே. நான் பாக்கறது ஞாயித்துக்கெழமை மட்டுந்தான். மத்த நாள் ஆபீஸ்."

"அடப் பாவி" என்று தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே குந்தி உட்கார்ந்தார். பூ சுருங்கும்வரை எழுந்திருக்கவில்லை. கறிச்சோற்றையே அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஊருக்குப் புறப்படும்போது ஒரு துண்டு நிறையச் செடியைக் கட்டி எடுத்துக்கொண்டார்.

அப்பா ஓய்வுபெற்று, பத்து மணி முழுவதும் அவருக்கே சொந்தமான வருஷத்தில்தான் என் தம்பி கார் வாங்கினான். நடைபாதை, பூச்செடி ஓரம், மதில் மூலை எல்லாம் கார் நிறுத்தப் போட்ட சிமெண்ட் கல்லுக்கடியில் போய்விட்டன. அப்பா இப்போதெல்லாம் வாரத்தில் நான்கு நாள் காலை பஸ்ஸில் பெரியப்பா ஊருக்குப் போய்விடுகிறார். இந்தக் குறுவையின்போது நானும் உடன் போனேன். பம்புசெட்டைச் சுற்றி, வாய்க்கால் கரை நெடுக, பத்துமணிப் பூ படர்ந்து கிடந்தது. களையெடுக்க வந்த பெண்களில் ஒருத்தி அதன் பக்கம் குனிந்தாள். பார்வை மங்கிய பெரியப்பாவுக்கு அது எப்படித் தெரிந்ததோ, பம்புசெட் நிழலிலிருந்து சத்தம் போட்டார்.

"அதுல கை வைக்காத புள்ள! அது எந்தம்பி வெள்ளாமை."