நன்றாகச் சாப்பிட்டார்

செல்லத்துரையரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் மாட்டிறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து மீனோ இறைச்சியோ தொடாத மனிதர்.

நோயாளிகளின் கோப்புகளைப் படித்து, டொக்டர்மார் எழுதிய நோயையும் காயத்தையும் அவை வந்த காரணத்தையும் மருத்துவமனைக் கணக்குக்காக எண்களாக மாற்றுவது என் வேலை. எழுதியதற்கு எண் உண்டு, எழுதாதது நடக்கவேயில்லை. எழுபதுகளில் சிட்னி மருத்துவமனை ஒன்றின் நிலவறையில் இருந்துகொண்டு இதைச் செய்தேன். யாரும் கற்றுத் தரவில்லை. தடித்த எண் புத்தகத்தையும் ஒரு மருத்துவ அகராதியையும் வைத்துக்கொண்டு நானாகப் படித்தேன். அடுத்தவர் கையெழுத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் இதைப் படித்தால், என் பாடு சொல்லாமலே விளங்கும். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

காரணம் எங்கே?

காலுக்கும் வயிற்றுக்கும் எண் போடுவது சுலபம். நோயாளியின் குணம் மாறினால்தான் தொல்லை. கத்தினார், அழுதார், ஊசியைப் பிடுங்கி எறிந்தார் என்று தாதிமார் எழுதுவார்கள். ஏன் என்று டொக்டர் எழுதினால்தான் சரியான எண் போடலாம். எங்கள் பகுதித் தலைவி மார்கரெட், காரணம் இல்லாத கோப்பு எதையும் என் மேசையிலேயே திருப்பிப் போட்டுவிடுவார்.

ஒருநாள் 'திடீரென மூர்க்கமானார்' என்று மட்டும் எழுதிய கோப்போடு மேலே போய், இளம் டொக்டர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். கட்டுப் போட்ட விரலை உயர்த்திக் காட்டினார். "காரணம் எனக்குத் தெரியாது. அந்த ஆளின் பல் நல்ல நிலையில் இருக்கிறது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்."

பதில் வருமா?

செல்லத்துரையர் யாழ்ப்பாணத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்க மனைவி இராசம்மாவோடு வந்தவர், ஹோம்புஷ் ஃபிளாட்டின் படிக்கட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். தலையிலும் ஒரு சிறு வீக்கம். மகன் வேலை விஷயமாகப் பேர்த் நகரில் நின்றார். அவரைச் சேர்த்த எங்கள் மருத்துவமனையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், வாட்டின் தலைமைத் தாதி சிஸ்டர் ஜோன் என்னை மேலே கூப்பிட்டார்.

கோப்பில் அதற்குள் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. விடியற்காலையில் தனக்குத்தானே பாடுகிறார். சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். பெண்கள் உடம்பு துடைக்க வந்தால் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். மனநல டொக்டரைக் கூப்பிடலாமா என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி. எங்கள் ஊரில் ஒழுக்கம் என்று சொல்வதெல்லாம் அங்கே நோயின் அறிகுறிகளாக வரிசையில் நின்றன.

அவர் கடவுளுக்குப் பாடுகிறார் என்றேன். விரலில் கட்டுப் போட்டிருந்த அதே டொக்டர், கடவுள் பதில் சொல்கிறாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். செல்லத்துரையர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதில் வந்திருந்தா நான் ஏன் தம்பி இஞ்ச படுத்துக் கிடக்கிறன்?"

முன்னேற்றம்

அடுத்த கிழமை லிஃப்டில் ஜோனைச் சந்தித்தேன். முகம் மலர்ந்திருந்தது. "உன் ஆள் வழிக்கு வந்துவிட்டார். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை" என்றார். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. மதியம் இராசம்மாக்கா சாப்பாட்டுக் கரியரோடு வந்தபோது நானும் கூடப் போனேன்.

கட்டிலில் அவரை நிமிர்த்தி இருத்தியிருந்தார்கள். முன்னால் மருத்துவமனைத் தட்டு. கரண்டியால் இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து, மென்று, விழுங்கினார். அடுத்ததை எடுத்தார். நெற்றியில் திருநீறு இல்லை. சுவரைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தார். ஜோன் அவருடைய தோளைத் தட்டி, "கெட்டிக்காரர்" என்றார்.

இராசம்மாக்கா கத்தவில்லை. கரியரைத் தரையில் வைத்துவிட்டு, கணவர் கையிலிருந்து கரண்டியை மெல்ல எடுத்தார். அவர் மறுக்காமல் விட்டுவிட்டார். இறைச்சியைவிட அதுதான் அக்காவைப் பயப்படுத்தியது. "தம்பி, இது இவரில்லை. உடன டொக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கோ."

முறைப்பாடு

அந்த இளம் டொக்டர் வந்து, என்ன மாற்றம் என்று கேட்டார். இறைச்சி சாப்பிடுகிறார் என்று மொழிபெயர்த்தேன். சிரித்தே விட்டார். சாப்பிடவில்லை என்றுதான் எல்லாரும் முறைப்பாடு சொல்வார்கள் என்றார்.

இராசம்மாக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் கண்ட நாப்பது வருசமா மீன் பட்ட சட்டியில தண்ணிகூடக் குடியாத மனுசன் எண்டு சொல்லுங்கோ. இப்ப பாக்காட்டி இவர் செத்துப்போவார் எண்டு சொல்லுங்கோ." சொன்னேன். டொக்டரின் சிரிப்பு நின்றது. ஜோன் சட்டைப் பையிலிருந்த சிறு டோர்ச்சை எடுத்துச் செல்லத்துரையரின் கண்களில் அடித்தார். ஒரு கண்மணி சுருங்கியது. மற்றது விரிந்தபடியே நின்றது. அதன் பிறகு யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. கட்டிலோடு அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

விழுந்த நாளிலிருந்து மண்டைக்குள் இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. சத்திரசிகிச்சை முடியுமுன் போய்விட்டார். ஜோன் நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்க்காமலே பேசினார். "நான் அவரைப் பாராட்டினேன். உனக்கும் கேட்டதுதானே?"

எண்

அவருடைய கோப்பு என் மேசைக்குத்தான் வந்தது. தாதியின் கடைசிக் குறிப்பு இது: 'நடத்தையில் நல்ல முன்னேற்றம். ஒத்துழைக்கிறார். நன்றாகச் சாப்பிட்டார்.' குணமாற்றம் என்று ஓர் எண் போடட்டுமா என்று மார்கரெட்டிடம் கேட்டேன். அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முன்னேற்றத்துக்கு எண் இல்லை."

ஊருக்குத் திரும்புமுன் இராசம்மாக்கா என்னைத் தேடி மருத்துவமனை வாசலுக்கு வந்தார். மகனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, அவர் கடைசியாச் சாப்பிட்டதை எழுதிப் போட்டினமோ?"

"நன்றாகச் சாப்பிட்டார் எண்டு மட்டும்தான் இருக்கு அக்கா. என்ன எண்டு எழுதேல்லை."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அப்ப, நான் குடுத்த சோறெண்டு இருக்கட்டும்."

அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். அவளிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை.

செல்லத்துரையரைப் பற்றி அந்த மருத்துவமனையின் கணக்கில் மிஞ்சியது மூன்று எண்கள்: தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, படிக்கட்டுக்கு ஒன்று.